ஸூட்டபிள் என்ற சொல்லும் ஒரு நடைவண்டியும்

மட்டாஞ்சேரிக்கு வந்து பதினெட்டு வருடங்கள் ஆகிவிட்டன. சாயாவுக்குப் பழகிவிட்டேன், கப்பைக்கிழங்குக்குப் பழகிவிட்டேன், வெயிலடித்தாலும் குடையோடுதான் வெளியே இறங்க வேண்டும் என்பதற்கும் பழகிவிட்டேன். ஆனால் இங்கே மிளகைப் பார்த்து யாரும் 'தேறும்' என்று சொல்வதில்லை என்பது மட்டும் இன்றுவரை எனக்கு விநோதமாகவே இருக்கிறது. பஜார் சாலையை ஒட்டிய ஒரு மலைச்சரக்குக் கிடங்கில் சாம்பிள் எடுக்கிற ஆள் நான். லாரியிலிருந்து இறங்கும் மூட்டைகளில் குத்தூசியைச் செருகி, அதன் பள்ளத்தில் வழிந்து வரும் மிளகை உள்ளங்கையில் வாங்கி, முகர்ந்து, இரண்டைக் கடித்து, ஈரம் பார்க்கும் கருவியில் ஒரு பிடி போட்டு, கடைசியில் ஒரு சீட்டில் ஒற்றைச் சொல்லை எழுதுவேன். ஸூட்டபிள். இல்லையென்றால் நாட் ஸூட்டபிள். முதலாளி அதை அழுத்தமாக 'ஸூட்டபிள்' என்பார். சுமை இறக்கும் சேட்டன்மார் 'சூட்டபிளு' என்பார்கள். பரிசோதனைக் கூடத்துப் பெண் உதட்டைக் குவித்து 'ஸ்யூட்டபிள்' என்பாள். எதிரில் நிற்பவருக்கு ஏற்றபடி நானும் மூன்று மாதிரியும் சொல்வேன். பிழைக்க வந்தவனுக்கு உச்சரிப்பில் என்ன கௌரவம் வேண்டிக்கிடக்கிறது!

எங்கள் போடிநாயக்கனூரில் சீட்டு கிடையாது. ஏலக்காயை முறத்தில் பரப்பி, விரலால் அளைந்து பார்த்துவிட்டு, எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்த்து மேஸ்திரி 'தேறும்ப்பா' என்பார். அந்த ஒரு சொல்லை நாங்கள் எல்லாவற்றுக்கும் வைத்திருந்தோம். காய்ச்சலில் கிடப்பவர் எழுந்திருப்பாரா, அக்கா பெண் பத்தாம் வகுப்பில் பாஸாவாளா, பெண் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை குடும்பம் நடத்துவானா, எல்லாவற்றுக்கும் தேறும் அல்லது தேறாது. தேறாது என்று சொல்லும்போது சொல்பவரின் முகமும் கொஞ்சம் வாடும். மூட்டையோடு கட்டி அனுப்பும் சீட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. நானும் நல்ல மிளகு, பொக்கு மிளகு என்று பார்த்து ஆயிரக்கணக்கான சீட்டுகளில் அந்தச் சொல்லை எழுதித் தள்ளியிருக்கிறேன். அதற்குச் சரியான பொருள் என்ன, எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

நான்கு வருடங்களுக்கு முன், விடாமல் மழை பெய்துகொண்டிருந்த ஒரு முற்பகலில், அந்தச் சொல் எங்கள் பெயரைத் தேடி வந்தது. நானும் என் மனைவி ரேணுகாவும் ஒரு குழந்தையைத் தத்தெடுக்க விண்ணப்பித்திருந்தோம். வரும் வியாழக்கிழமை சமூகப் பணியாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து எங்கள் ஸூட்டபிலிட்டியை மதிப்பிடுவார் என்று ஆங்கிலத்தில் ஒரு செய்தி கைபேசியில் வந்தது. வாயில் கடித்த மிளகோடு அதைப் படித்தேன். மிளகு உறைக்கவே இல்லை. கையிலிருந்த குத்தூசியைக் கீழே வைத்தேன். அதுநாள்வரை மூட்டைக்குக் குத்து வாங்குவது எப்படி இருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

வீட்டில் ரேணுகாவிடம் காட்டினேன். சந்துக்குள் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் குடியிருக்கிறோம். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அப்பிடின்னா என்னங்க?"

"பொருத்தம். தகுதி. நம்ம தேறுவோமான்னு பாக்க வர்றாங்க."

"யாரு, நம்மளையா?" என்றவள் அப்படியே நின்றுவிட்டாள். கை ஈரம் தரையில் சொட்டியது.

கைபேசியில் அகராதிச் செயலி ஒன்றை இறக்கினேன். ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டதும் வெளிநாட்டுப் பெண் ஒருத்தி 'ஸூ' என்பதை நீட்டி, 'ட'வை விழுங்கி, 'பிலிட்டி'யில் மட்டும் ஏறி இறங்கிச் சொன்னாள். வருகிறவரின் முன்னால் தப்பாகச் சொல்லிவிடக் கூடாதென்று நான் அவளோடு சேர்ந்து பத்துத் தடவை சொன்னேன். ரேணுகாவும் முணுமுணுத்துப் பார்த்தாள். பிறகு அந்தச் சொல்லின் பிறப்பைப் படித்தேன். லத்தீனில் 'பின்தொடர்' என்ற வினைதான் அதற்கு வேராம். பிரபுவின் பின்னால் போகும் பரிவாரம், அந்தப் பரிவாரம் ஒரே துணியில் அணிந்த உடை, அதிலிருந்து ஒன்றோடொன்று இசைந்து போவது என்று பொருள் நகர்ந்து நகர்ந்து வந்து, கடைசியில் இன்ன வேலைக்கு இன்னார் ஏற்றவர் என்பதில் வந்து நின்றிருக்கிறது. பின்னால் போவதற்கும் பிள்ளை வளர்க்கத் தகுதியாக இருப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. ரேணுகாவுக்கு அந்த ஆராய்ச்சி எல்லாம் வேண்டியிருக்கவில்லை. "தேறலைன்னா திரும்ப விண்ணப்பிக்கலாமா, அத முதல்ல பாருங்க" என்றாள். அதைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

எங்களுக்கு இது முதல் பரீட்சை அல்ல. கல்யாணத்துக்கு முன் போடியில் பத்துப் பொருத்தம் பார்த்தார்கள். எட்டு பொருந்தியது. அதிலும் மகேந்திரப் பொருத்தம் உத்தமம் என்றும், அது பிள்ளைப்பேற்றுக்கானது என்றும், வீடு நிறையும் என்றும் ஜோசியர் சொன்னார். ரேணுகாவின் அம்மா அந்த இடத்திலேயே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டார். பிறகு வருடங்கள் போயின. ரேணுகாவின் தங்கைக்கு வளைகாப்பு நடந்தபோது நாங்கள் போயிருந்தோம். சந்தனக் கிண்ணம் வரிசையாக ஒவ்வொரு பெண்ணிடமும் வந்தது. ரேணுகாவிடம் வரும்போது அதைக் கொண்டுவந்தவள் சேலையைச் சரிசெய்வதுபோலக் குனிந்து, அடுத்தவளிடம் போய்விட்டாள். சொந்தத் தங்கைக்கு வளையல் போட விடவில்லை. மறுநாள் முதல் பேருந்தில் கொச்சிக்குத் திரும்பினோம். குமுளி மலையேறும்வரை ரேணுகா ஜன்னலைவிட்டு முகத்தைத் திருப்பவில்லை. அதற்குப் பிறகு ஊருக்குப் போகலாமா என்று நான்தான் கேட்பேன். அவள் கேட்பதில்லை. கொச்சிக்காரர்கள் பிள்ளை இல்லாததைப் பற்றி நேருக்கு நேர், "குட்டிகள் இல்லே? டாக்டரெ காணிச்சில்லே?" என்று கேட்டுவிட்டு, அடுத்த மூச்சில் மத்தி மீன் எங்கே நன்றாகக் கிடைக்கிறது என்று பேசப் போய்விடுவார்கள். அது எவ்வளவோ தேவலை.

வியாழக்கிழமைக்காக வீட்டைத் துடைத்தோம், ஒட்டடை அடித்தோம், கழிப்பறையை இரண்டு தடவை கழுவினோம். கீழ்வீட்டு சபீதா அக்காவுக்கு, இங்கே இத்தா என்பார்கள், விஷயம் தெரியும். எங்களைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர், இரண்டு மகன்களும் கல்லூரிக்குப் போகிறார்கள். இத்தா ஒரு மரத்தொட்டிலைத் தானே தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தார்.

"எடீ ரேணுகே, இது எடுத்தோ. என்டெ மோன்மார் ரெண்டும் கிடந்ததா."

தன் மகன்கள் கிடந்த தொட்டிலை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். ரேணுகா கதவருகிலேயே நின்றாள். "வேண்டா இத்தா."

"ஒரு வாசம்கூட இல்லடீ, கழுகி வெச்சதா."

"அதில்ல இத்தா. இப்போ வேண்டா. உள்ளே கொண்டுவரண்டா."

இத்தாவின் முகம் சுருங்கியது. தொட்டிலைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். ஒவ்வொரு படியிலும் அது இடிக்கும் சத்தம் கேட்டது. ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பிள்ளை பிறப்பதற்கு முன் தொட்டில் வாங்க மாட்டோம், சட்டை தைக்க மாட்டோம், பெயர்கூட வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். வந்த பிறகுதான் எல்லாம். பழந்துணியில் சுற்றி வைத்திருந்தாலும் பரவாயில்லை. ரேணுகா தொட்டிலை வேண்டாம் என்றபோது நானும் வாயைத் திறக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணம் நான்தான்.

கல்யாணமான ஏழாம் வருடம் ரேணுகா உண்டாகியிருந்தாள். நான்கு மாதம் முடிந்ததும் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். நான் இங்கே தனியாக இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுனில் சும்மா நடந்துகொண்டிருந்தபோது, ஒரு பழம்பொருள் கடை வாசலில் வெள்ளைக்காரர்களுக்காக அடுக்கி வைத்திருந்த வெண்கல விளக்குகளுக்கும் கப்பல் மணிகளுக்கும் நடுவில், மூன்று சக்கரம் வைத்த மரநடைவண்டி ஒன்று நின்றது. நம்மூர் நடைவண்டி. கைப்பிடிக் கட்டையின் நடுப்பகுதி மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. நம்ம ஊர்ச் சாமான் இங்கே வந்து காட்சிப்பொருளாக நிற்கிறதே என்று ஒரு ஆத்திரம், என் பிள்ளை இதைப் பிடித்துக்கொண்டு நடக்கும் என்று ஒரு ஆசை. வாங்கிவிட்டேன். அடுத்த சனிக்கிழமையே அதை மடியில் வைத்துக்கொண்டு, பேருந்தில் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் சிரிக்க, போடிக்குக் கொண்டுபோனேன். மாமியார் வாசலில் என்னைத் தடுத்து நிறுத்தினார். "என்ன மாப்ள இது, இன்னும் அஞ்சு மாசம் கெடக்கு. எந்த வீட்டுப் பிள்ளை நடந்த வண்டியோ என்னவோ" என்று சொல்லி, பின்வாசல் வழியாகக் கொண்டுபோய் மாட்டுக் கொட்டகையில் வைத்தார். பதினாறாம் நாள் கரு கலைந்துவிட்டது. மருத்துவர் வேறு காரணம் சொன்னார். வண்டியைப் பற்றி யாரும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, ரேணுகாவும்தான். பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திரும்பும்போது அதைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டதாக ரேணுகாவிடம் சொன்னேன். அது பொய். கிடங்கில் சாம்பிள் அறைப் பரணில், பழைய தராசுகளுக்குப் பின்னால், அந்தச் சாக்குச் சுருட்டு ஏழு வருடங்களாக இருந்தது. கொடுக்கவும் மனம் வரவில்லை, எரிக்கவும் பயம்.

வியாழக்கிழமை வந்தவர் பெயர் ஷைனி. முப்பது வயது இருக்கும். நனைந்த குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு உள்ளே வந்தார். நான் 'சூட்டபிலிட்டி' என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டேன். பத்துத் தடவை பழகியதெல்லாம் அவரைக் கண்டதும் பறந்துவிட்டது. அவர் ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே கையை விட்டுப் பார்த்தார். மாடிப்படிக்குக் கதவு இல்லை என்று குறித்துக்கொண்டார். குளிர்பதனப் பெட்டியைத் திறந்தார். நம்மூரில் சம்பந்திகூட அதைச் செய்ய மாட்டார். எங்கள் இரண்டாவது அறையின் நடுவில் நின்றுகொண்டு சுற்றிலும் பார்த்தார். பளிங்கு மாதிரி துடைத்து வைத்திருந்தோம், ஒரு துரும்பு கிடையாது.

"குஞ்ஞின்டெ சாதனங்கள் ஒண்ணும் காணுன்னில்லல்லோ?"

குழந்தைக்கான பொருள் எதுவுமே இல்லையே என்று கேட்கிறார். நான் பெருமையாகத்தான் சொன்னேன், "ஒண்ணும் வாங்ஙியிட்டில்ல மேடம். வாங்ஙில்ல", வாங்கவில்லை, வாங்கவும் மாட்டோம் என்று. எங்கள் ஒழுங்கை அவர் மெச்சுவார் என்று நினைத்தேனோ என்னவோ. அவர் பேனாவை நிறுத்தி ரேணுகாவைப் பார்த்தார்.

"சேச்சிக்கு ஸம்மதம் தன்னெயல்லே? சேட்டன் நிர்ப்பந்திச்சதல்லல்லோ?"

உனக்குச் சம்மதம்தானே, கணவர் கட்டாயப்படுத்தவில்லையே என்ற கேள்வி. ரேணுகாவுக்குப் புரிந்தது. பதினான்கு வருடம் இந்த ஊரில் கறிகாய் வாங்கியவளுக்கு மலையாளம் தெரியாமல் இல்லை. ஆனால் பிள்ளையைப் பற்றி வாயைத் திறந்து ஆசை என்று சொன்னால், அந்தச் சொல்லையே எதுவோ கேட்டுவிடும் என்று அவளுக்குப் பயம். தலையைக் குனிந்துகொண்டாள். ஆம் என்று தலையாட்டக்கூட இல்லை. ஷைனி எழுதினார். நிறைய எழுதினார்.  பிறகு அவர் கீழே இறங்கி சபீதா இத்தாவின் வீட்டுக்குள் போனார். அக்கம்பக்கத்திலும் விசாரிப்பது அவர்கள் வழக்கம். பத்து நிமிடம் கழித்துக் குடையை மடக்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலையே இத்தாவிடம் போய்க் கேட்டேன். அவர் மனதில் கள்ளம் இல்லாதவர். "நல்ல ஆள்க்காரா, வழக்கில்ல, குடியில்ல எந்நொக்கெ பறஞ்ஞு. பின்னெ, தொட்டில் கொடுத்தப்போ அவள் வேண்டாந்நு பறஞ்ஞதும் பறஞ்ஞு. சோதிச்சப்போ சத்யம் பறயண்டே?" என்றார். நல்லவர்கள் என்று சொன்னதோடு தொட்டிலை மறுத்ததையும் சொல்லியிருக்கிறார், கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டாமா என்கிறார்.  ஷைனி இப்போது என்ன எழுதியிருப்பார் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. மனைவிக்கு விருப்பமில்லை, கொடுத்த தொட்டிலையும் மறுத்தாள். நானே எத்தனை மூட்டைகளை ஒரே ஒரு பிடியைக் கடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ஒன்பதாம் நாள் ஷைனி தொலைபேசியில் கூப்பிட்டார். அறிக்கை எழுதும்முன் இன்னொரு தடவை வீட்டுக்கு வர வேண்டும், திங்கட்கிழமை காலை. "பேடிக்கண்டா" என்றும் சொன்னார். பயப்படாதே என்று ஒருவர் சொன்னால் எனக்கு இரட்டிப்பாகப் பயம் வரும். அந்த நாட்களில் ஒரு முழு லாரி மிளகுக்கு ஈரம் பார்க்காமலே சீட்டு எழுதிவிட்டு, பிறகு ஓடிப்போய் எல்லாவற்றையும் அவிழ்த்துத் திரும்பப் பார்த்தேன். ரேணுகா பேசுவதையே குறைத்துவிட்டாள். ஒரு பொம்மையாவது வாங்கி வைப்போமா என்று கேட்டேன். "காட்டுறதுக்காகவா?" என்றாள். 

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கிடங்குச் சாவியை வாங்கிக்கொண்டு போனேன். பரணில் ஏறி அந்தச் சாக்குச் சுருட்டை இறக்கினேன். ஏன் எடுத்தேன் என்று இப்போது கேட்டாலும் சரியாகச் சொல்லத் தெரியாது. பயத்தைச் சொல்ல என்னிடம் மலையாளம் இல்லை. அதைக் கையில் எடுத்துக் காட்டலாம் என்று தோன்றியது, அவ்வளவுதான்.  வாசற்படியைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டேன். நாற்பதை நெருங்குகிற ஒரு ஆம்பிளை, சொந்த வீட்டுக்குள் ஒரு மரச்சாமானைக் கொண்டு நுழைவதற்கு!

சாக்கைப் பிரித்தேன். ரேணுகா பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கடையில குடுத்துட்டேன்னீங்க."

"பொய் சொன்னேன் ரேணு."

"ஏழு வருசமா?"

"ம்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன், கத்துவாள் என்றும் நினைத்தேன். உட்கார்ந்து, கைப்பிடியின் தேய்ந்த இடத்தில் விரலை வைத்தாள். "நானும் அன்னைக்குக் கொட்டகையில போயி இதப் பிடிச்சுப் பாத்தேன். அம்மாவுக்குத் தெரியாம. நான் தொட்டதாலதான்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள்.  நான் வாங்கியதால்தான் என்று நானும், தொட்டதால்தான் என்று அவளும், ஒரே வீட்டுக்குள் இத்தனை வருடம் ஆளுக்கொரு குற்றத்தைச் சுமந்துகொண்டு ஒரே பாயில் படுத்திருக்கிறோம். அவள் எழுந்துபோய் ஈரத்துணி கொண்டுவந்து வண்டியைத் துடைத்தாள். மிளகுத் தூசி கறுப்பாக வந்துகொண்டே இருந்தது.

திங்கட்கிழமை வண்டி இரண்டாவது அறையின் நடுவில் நின்றது. ஷைனி வாசலிலேயே அதைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் பேச வாயெடுத்தேன். ரேணுகா முந்திக்கொண்டாள். பாதி தமிழ், பாதி மலையாளம்.

"மேடம், எங்க ஊர்ல குஞ்ஞு வர்றதுக்கு முன்னாடி ஒண்ணும் வாங்க மாட்டோம். வேண்டாம்னு இல்ல. பேடி. ஒருக்கா வாங்கினோம். அந்தக் குஞ்ஞு போயி. இது அதுக்கு வாங்கினது." பிறகு இரண்டு கைகளையும் சேர்த்துப் பிசைந்துகொண்டு, "எனக்கு வேணும். எனக்கு ரொம்ப வேணும்" என்றாள். பதினான்கு வருடத்தில் அவள் அதை வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அப்போதுதான். சொல்லிவிட்டு மேற்கூரையைப் பார்த்தாள், ஏதாவது இடிந்து விழுமோ என்று.

ஷைனி குனிந்து வண்டியை முன்னும் பின்னும் உருட்டிப் பார்த்தார். அடிப்பக்கம் விரலை ஓட்டினார். "இதின்டெ ஆணி தள்ளி நிக்குன்னுண்டு. மாற்றணம். குஞ்ஞின்டெ கை முறியும்" என்றார். ஆணி துருத்திக்கொண்டிருக்கிறதாம், குழந்தையின் கையைக் கீறிவிடுமாம். அவர் கண்ணுக்கு அந்த அறையில் ஒரு குழந்தை தெரிந்துவிட்டது என்று எனக்குப் பட்டது. ஆனால் அதை நம்பவும் பயந்தேன். மாடிப்படிக்கு ஒரு சின்னக் கதவும் வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

அறிக்கை வர மூன்று வாரம் ஆனது. நீளமான பக்கங்களின் கடைசியில் அந்தச் சொல் இருந்தது, முன்னால் 'நாட்' இல்லாமல். உண்மைதானா என்று மேலும் கீழும் இரண்டு தடவை படித்தேன். ரேணுகா தோசைக்கரண்டியோடு வந்து நின்றாள்.

"தேறிட்டோமா?"

"தேறிட்டோம்."

அவள் அடுப்பை அணைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். தொலைபேசியில் சொன்னபோது போடியில் மாமியார் அழுதார். சபீதா இத்தா அன்று மாலையே தொட்டிலை மறுபடி மாடியேற்றினார். இந்தத் தடவை ரேணுகா ஒரு பக்கம் பிடித்தாள்.

அதோடு பயம் தீர்ந்தது என்று நீங்கள் நினைத்தால், நீங்கள் வரிசையில் நின்று பழகாதவர். அதற்குப் பிறகு மூன்று வருடத்துக்கு மேல் காத்திருந்தோம். வடக்கே வேறொரு மாவட்டத்தில் ஒரு இல்லத்திலிருந்து அழைப்பு வந்தது. நான்கு மாதங்களுக்கு முன் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தோம். பதினான்கு மாதப் பெண் குழந்தை. அவர்கள் வைத்த பெயர் தியா. ஊரில் குலதெய்வத்தின் பெயர் வைக்கச் சொன்னார்கள். அவள் தனக்கென்று கொண்டுவந்த ஒரே சொத்து அந்தத் தியாதான், அதையும் பிடுங்க எங்களுக்கு மனமில்லை. முதல் மூன்று நாட்கள் கதவைப் பார்த்தே அழுதாள். அவளுக்குத் தெளிவாகத் தெரிந்த சொல் ஒன்றுதான், 'வேண்டா.' பால் வேண்டா, பொம்மை வேண்டா, நான் வேண்டா. அவள் யாரைத் தேடுகிறாள் என்றே எங்களுக்குத் தெரியாது. நான் கிடங்கில் இருக்கும்போது கைபேசி அடித்தால் உடனே எடுக்க மாட்டேன். தவறு நடந்துவிட்டது, திருப்பிக் கொடுங்கள் என்று யாரோ சொல்லப்போகிறார்கள் என்று. தத்து உத்தரவு எல்லாம் வந்துவிட்டது என்று ரேணுகா காகிதத்தைக் காட்டுவாள். காகிதம் கையில் இருக்கிறது, பயம் வயிற்றில் இருக்கிறது. இன்னும் இரண்டு மாதத்தில் ஷைனி வருவார். இரண்டு வருடத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவார். ஃபாலோ அப் என்று அதற்குப் பெயர். நெற்றியில் ஒரு சின்ன வீக்கம் இருந்தால்கூட நான் நாள் எண்ண ஆரம்பித்துவிடுகிறேன்.

சாயாக்கடைச் சேட்டன் ஒருநாள் அவளைத் தோளில் பார்த்துவிட்டு, "மோள்டெ நாடு எவிடெயா?" என்று வாஞ்சையாகத்தான் கேட்டார். என்னிடம் கேட்டால் பதினெட்டு வருடமாகப் போடி என்று பதில் சொல்லிப் பழக்கம். மகளுக்கு எது ஊர் என்று சொல்வது? அவள் பிறந்த ஊர் எது என்று எங்களுக்குச் சொல்லப்படவில்லை. போடியை அவள் பார்த்ததில்லை. வீட்டில் நாங்கள் தமிழ் பேசுகிறோம். அவள் இத்தாவிடம் போய் மலையாளத்தில் கற்றுக்கொண்டு வருகிறாள். ஆப்பத்தைக் காட்டி ஒரு சொல்லும் தோசையைக் காட்டி இன்னொரு மொழிச் சொல்லும் சொல்கிறாள். பிறகு எல்லாவற்றையும் சேர்த்து 'வேண்டா' என்று தள்ளுகிறாள்.

நேற்று மாலை மழை விட்டிருந்தது. புது ஆணி அடித்து, சக்கரத்துக்கு எண்ணெய் போட்ட நடைவண்டியை முற்றத்தில் இறக்கினேன். இடதுபக்கம் மாடிப்படியில் ரேணுகா குந்தி உட்கார்ந்து, "வா தங்கம், அம்மாட்ட வா" என்று கைநீட்டினாள். வலதுபக்கம் வாசற்கதவருகில் சபீதா இத்தா, "இங்ஙோட்டு வா மோளே, இத்தான்டெ அடுத்து வா" என்றார். இருவருக்கும் நடுவில் தியா கைப்பிடியின் தேய்ந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கம் பார்த்தாள், இந்தப் பக்கம் பார்த்தாள். நான் அவளுக்குப் பின்னால் கூன்போட்டு, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றேன். தரை ஈரம். கொஞ்சம் நெருங்கி அவள் இடுப்பைப் பிடிக்கப் போனேன். "வேண்டா" என்றாள். சரியென்று ஓரடி பின்வாங்கினேன். உடனே கழுத்தைத் திருப்பி, நான் இருக்கிறேனா என்று பார்த்தாள்.

மறுபடி ஓரடி முன்னால் வைத்தேன். அவளும் முன்னால் வைத்தாள். ரேணுகா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், இத்தாவும் கூப்பிட்டார். தியா எந்தப் பக்கம் திரும்பினாள் என்று நான் பார்க்கவில்லை. விழுந்துவிடுவாளோ என்ற பயத்தில், அவள் குதிகால்களையே பார்த்துக்கொண்டு பின்னாலேயே போய்க்கொண்டிருந்தேன்.